பப்வா செவ்கோலம்

பப்வா செவ்கோலம் (1928 - சூலை 5, 1978) என்று அறியப்படும் செவ்சங்கர் செவ்கோலம், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தொழில்முறைக் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரர் ஆவார். டச்சு ஓப்பன் போட்டியில் மூன்று முறை வெற்றி பெற்றவர். தென்னாப்பிரிக்காவில் மாகாண ஓப்பன் போட்டி ஒன்றை வென்ற, வெள்ளையர் அல்லாத முதல் வீரர் இவரே. இனவொதுக்கல் கொள்கைக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்தின் அடையாளமாகவும் இவர் விளங்கினார்.

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதனைத் தொடர்ந்து சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பல்லாயிரக்கணக்கானோர் கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்று, அங்கேயே தங்கினர். இவ்வாறு உருவான டர்பன் இந்தியச் சமூகத்தில், ஏழைக் குடும்பம் ஒன்றில் செவ்கோலம் பிறந்தார். பள்ளிக் கல்வி பெறவில்லை.

இளமையும் ஆட்ட முறையும்

வெள்ளையருக்குரிய ஆடுகளங்களில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் பணியில் சிறு வயதிலேயே சேர்ந்தார். பயிற்சியாளர் எவருமின்றி, பார்த்தே ஆட்டத்தைக் கற்றார். வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலாகவும் வலக்கை கீழாகவும் இருப்பது வழக்கம். செவ்கோலம் இதற்கு நேர்மாறாக வலக்கையை மேலே வைத்துப் பிடித்தார். இப்பிடி பின்னர் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

ஐரோப்பிய வெற்றிகள்

சொந்த நாட்டின் முதன்மைப் போட்டிகள் வெள்ளையருக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. ஓலே முகப்பூச்சை உருவாக்கிய டர்பன் வேதியியலாளர் கிரகாம் வூல்ஃப், 1959ஆம் ஆண்டு இவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே டச்சு ஓப்பன் போட்டியை வென்ற செவ்கோலம், 1960, 1964 ஆகிய ஆண்டுகளிலும் அதனை வென்றார்.

நட்டால் ஓப்பன்

1963ஆம் ஆண்டு டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடைபெற்ற நட்டால் ஓப்பனில் ஆட இவருக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது. வெள்ளையர் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆடிய அப்போட்டியில் இவரே வென்றார். ஆயினும், இனவொதுக்கல் சட்டங்களின் காரணமாக மன்றக் கட்டடத்தினுள் நுழைய இவருக்கு அனுமதி இல்லை. எனவே வெளியே, மழையில் நின்றவாறே வெற்றிக் கோப்பையைப் பெற்றார். அக்காட்சியைக் காட்டும் ஒளிப்படம் உலகெங்கும் வெளியாகிக் கண்டனத்தை எழுப்பியது.

1965ஆம் ஆண்டு நட்டால் ஓப்பனில் புகழ்பெற்ற கேரி பிளேயரைப் பின்தள்ளி மீண்டும் வென்றார். பிளேயர் அதே ஆண்டு சூன் மாதத்தில் அமெரிக்க ஓப்பனையும் வென்று, நான்கு பெரும் போட்டிகளிலும் வெற்றி கண்டவர் என்ற பெருமையைப் பெற்றார்.

தடையும் இறுதிக்காலமும்

இவ்வெற்றிக்குப் பின்னர் உள்நாட்டுப் போட்டிகளில் ஆட அரசு செவ்கோலத்துக்குத் தடை விதித்தது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால் வெளிநாடுகளில் ஆடும் வழியும் அடைபட்டது. ஆட்டத்திறன் உச்சத்தில் இருந்த காலத்திலேயே இவரது தொழில்முறை வாழ்க்கை முடக்கப்பட்டது. வறுமையில் வாழ்ந்த இவர், 1978ஆம் ஆண்டு மாரடைப்பால் காலமானார்.

தாக்கம்

தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பு 1960களில் வலுப்பெற்றது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்க அந்நாட்டுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு திரும்பப் பெறப்பட்டது; 1970இல் அது ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. மழையில் கோப்பை பெற்ற செவ்கோலத்தின் படம் இவ்வியக்கத்துக்கு வலுவான சான்றாக அமைந்தது. டர்பன் நகரில் உள்ள பொதுக் குழிப்பந்தாட்டக் களம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.