லீட்கே செதுக்கிய கெர்னல்

மைக்ரோகெர்னல் என்றால் பார்க்க அழகு, ஆனா ஸ்லோ என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் நான். அந்த எண்ணத்தை உடைத்தவர் ஜெர்மனியின் யோகென் லீட்கே.

1953-ல் பிறந்தவர், பீலஃபெல்டில் கணிதம் படித்தவர். டிரைவர், ஃபைல் சிஸ்டம் எல்லாவற்றையும் கெர்னலுக்கு வெளியே தனித்தனியாக வைத்தால், ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது பிழைக்கும். ஆனா அவை பேசிக்கொள்ள ஒவ்வொரு தடவையும் கெர்னல் வழியாகத்தான் செய்தி போகணும். 486 கம்ப்யூட்டரில் மாக் கெர்னலுக்கு இதற்கு சுமார் 115 மைக்ரோ செகண்ட் ஆனது. யோசனையே தப்பு என்று பலர் கைவிட்டார்கள்.

லீட்கே விடவில்லை. தப்பு யோசனையில் இல்லை, கட்டிய விதத்தில்தான் என்றார். ஒவ்வொரு கட்டளையாக எண்ணிப் பார்த்து, சின்னச் செய்திகளை ரெஜிஸ்டரிலேயே அனுப்பினார். 1993-ல் அவருடைய எல்3 கெர்னலில் அது 5 மைக்ரோ செகண்டாகச் சுருங்கியது! அடுத்து எல்4 பிறந்தது. 1999-ல் கார்ல்ஸ்ரூவில் பேராசிரியரானவர், 2001-ல் 48 வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எல்4 குடும்பம் மட்டும் இன்னும் வளர்கிறது.

ஸ்லோ என்று நான் மூட்டைகட்டிய புரோகிராம் ஒன்றை, இவரைப் படித்த பிறகுதான் மறுபடி திறந்தேன். தம்பி தங்கைகளே, கைவிடுவதற்கு முன்னால் ஒருமுறை அளந்து பாருங்கள்.