பெர்லின் இரவுகளைப் புத்தகமாக எழுதிய டாக்டர்! யார் இந்த மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்?

ஜெர்மனியின் பெர்லின் நகரில் மோட்ஸ் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே இயற்கை விளைபொருட்கள் விற்ற ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பெயர்ப் பலகையில் 'எல்டொராடோ' என்ற சொல்லும் இருந்தது. காய்கறிக் கடைக்கு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டால், கதை சுமார் 100 வருஷம் பின்னால் போகும். அந்த இடத்தில் இருந்தது உலகமே பேசிய ஒரு இரவு விடுதி. ஆணும் ஆணும் கைகோர்த்து ஆடலாம், பெண்களின் உடையில் வரலாம். வேடிக்கை பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுத்து வந்த காலம் அது. 1920களின் பெர்லினில் இப்படிப்பட்ட பார்கள், கிளப்கள் நூறு வரை இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அந்த உலகத்தை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காமல், அங்கே வந்தவர்களை மனிதர்களாகப் பார்த்து எழுதியவர்தான் டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்.

ஒரு தற்கொலை மாற்றிய வாழ்க்கை

1868 மே 14-ம் தேதி, பால்டிக் கடலோர நகரமான கோல்பெர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அப்பா டாக்டர், மகனும் டாக்டர். வழக்கமான கிளினிக் வாழ்க்கையில்தான் இருந்தார். ஆனால் அவரிடம் சிகிச்சைக்கு வந்த இளம் ராணுவ அதிகாரி ஒருவர், கல்யாணத்துக்கு முதல் நாள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். தன்பாலின ஈர்ப்பை யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தவர் அவர். தன் நிலைமையை உலகத்துக்குச் சொல்லும்படி டாக்டருக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார்.

1896-ல் புனைபெயரில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார் ஹிர்ஷ்ஃபெல்ட். அடுத்த வருஷமே, 1897 மே மாதம், ஒரு அமைப்பைத் தொடங்கினார். குறி, ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175-வது பிரிவு. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய பிரிவு அது. நம்ம ஊரில் 2018 வரை 377 எப்படி மிரட்டியதோ, அங்கே 175. அதை நீக்கக் கோரிய மனுவில் ஐன்ஸ்டீன், தாமஸ் மன் போன்றவர்களே கையெழுத்துப் போட்டார்கள்.

சட்டம் தடுத்தும் பார்கள் எப்படி நடந்தன?

இங்கதான் விஷயம் சுவாரஸ்யம். அந்தச் சட்டம் தண்டித்தது உடலுறவை. ஒரு பாரில் உட்கார்ந்து பீர் குடிப்பதை அல்ல. உறவை நிரூபிப்பதும் சுலபமில்லை. அதனால் பெர்லின் போலீஸ் வேறு வழி பிடித்தது. இவர்கள் ஒரே இடத்தில் கூடினால் கண்காணிப்பது எளிது என்று கடைகளை விட்டுவைத்தது. போலீஸுக்குப் பெரிய தலைவலி பிளாக்மெயில் கும்பல். 'காசு கொடு, இல்லேன்னா 175-ல மாட்டிவிடுவேன்' என்று மிரட்டிப் பிழைக்கிற கூட்டம். அதற்கென்றே போலீஸில் தனிப் பிரிவு இருந்தது.

போலீஸோடு பேசி, பார்களுக்கு நேரில் போய், ஹிர்ஷ்ஃபெல்ட் 1904-ல் 'பெர்லினின் மூன்றாம் பாலினம்' புத்தகத்தை எழுதினார். ராணுவ முகாம்களுக்குப் பக்கத்தில் சிப்பாய்கள் வந்துபோகும் மதுக்கடைகள், நூற்றுக்கணக்கானவர்கள் வேஷம் போட்டு வரும் நடன விருந்துகள் எல்லாம் அதில் வருகின்றன. மனதைத் தொடுவது கிறிஸ்துமஸ் பற்றிய பகுதி. குடும்பம் ஒதுக்கிவைத்தவர்களுக்கு அந்த ராத்திரி எவ்வளவு கொடுமை என்று எழுதியிருக்கிறார். அவர்களுக்கு பார் என்பது குடிக்கிற இடம் மட்டுமில்லை, வீடும் அதுதான்.

உடை மாற்றி வெளியே போனால் கைது என்ற நிலையில் இருந்தவர்களுக்காகவும் போலீஸிடம் வாதாடினார். அப்படி உடுத்த அனுமதிக்கும் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

எல்லாமே வெற்றி இல்லை. 1907-ல் ஒரு பிரபல அவதூறு வழக்கில், கைசருக்கு நெருக்கமான ராணுவ அதிகாரி தன்பாலின ஈர்ப்பாளர் என்று நிபுணராகச் சாட்சி சொன்னார், அப்புறம் பின்வாங்கினார். யாருடைய ரகசியத்தைக் காக்க நின்றாரோ, அவர்களுக்கே இவர்மேல் பயம் வந்தது. அது அவர் செய்த பெரிய தவறு என்றே சொல்ல வேண்டும்.

பாரிஸ் தியேட்டரில் பார்த்த தீ

1919-ல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். மருத்துவம், ஆலோசனை, நூலகம் எல்லாம் ஒரே இடத்தில். இன்று நாம் திருநங்கைகள் என்று சொல்கிறவர்களுக்கு ஆரம்பகால அறுவை சிகிச்சைகள் நடந்ததும் இங்குதான். எதிரிகளும் கூடினார்கள். 1920-ல் மியூனிக்கில் அடித்துப் போட்டார்கள். அவர் செத்துவிட்டதாகவே செய்தித்தாள்களில் செய்தி வந்தது. அதை அவரே படித்தார்!

1930-ல் சொற்பொழிவுப் பயணம் கிளம்பியவர் அமெரிக்கா, ஜப்பான், சீனா சுற்றி 1931-ல் இந்தியாவுக்கும் வந்தார். பெர்லினுக்குத் திரும்பவே முடியவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பார்கள் இழுத்து மூடப்பட்டன. எல்டொராடோவில் நாஜிப் படையினர் குடியேறினார்கள். 1933 மே 6-ம் தேதி நாஜி மாணவர்கள் அவரது நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து நூலகப் புத்தகங்கள் நடுச்சதுக்கத்தில் எரிந்தன. பாரிஸில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட், ஒரு சினிமா தியேட்டரில் ஓடிய செய்திப்படத்தில் அந்தத் தீயைப் பார்த்தார்.

1935 மே 14, தன் 67-வது பிறந்தநாளிலேயே பிரான்ஸின் நீஸ் நகரில் இறந்தார். அதே வருஷம் நாஜிகள் 175-ஐ இன்னும் கடுமையாக்கினார்கள். மேற்கு ஜெர்மனி அந்த வடிவத்தை 1969 வரை மாற்றவில்லை. பிரிவு முழுசாக நீங்கியது 1994-ல்தான். போருக்குப் பிறகும் அதில் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் ரத்து செய்தபோது வருஷம் 2017.