பொதுவழி கேட்ட பெருமகன் – இரட்டைமலை சீனிவாசன்

நுழையும்முன்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்து செங்கல்பட்டையும் மதுராந்தகத்தையும் அடைகிறது. நாள்தோறும் மாணவர் பலர் அச்சாலை வழியாகப் பள்ளிக்குச் செல்கின்றனர். அதற்காக எவரிடமும் அவர்கள் இசைவு கேட்பதில்லை. ஆனால் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், பொதுத்தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்பதற்கே சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், இதே சாலை சென்றடையும் மதுராந்தகப் பகுதியில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ஆவார்.

மணியோசைக்குக் காத்திருந்த மாணவர்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு சீனிவாசன் பிறந்தார். சாதிக் கொடுமை மிகுந்திருந்த அக்காலத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி எட்டாக்கனியாகவே இருந்தது. எனினும் சீனிவாசனுக்குக் கோயம்புத்தூரில் கல்வி பயிலும் வாய்ப்புக் கிட்டியது. அவர் பயின்ற கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் உயர்சாதியினர் எனப்பட்டோர்.

உடன்பயில்வோருடன் நெருங்கிப் பழகினால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். ஆகவே காலையில் கல்விக்கூடத்திற்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். தொடக்கமணி ஒலித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மை எட்டிப் பிடிக்க இயலாதவாறு விரைந்து வீடு நோக்கி நடப்பார். உடன்பயில்வோரோடு ஓடியாட முடியாத துயரம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தன்னை மறைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும் என்னும் நிலையை யார் உண்டாக்கினர், அதனை எவ்வாறு மாற்றுவது என்னும் சிந்தனை அப்போதே அவருள் முளைவிட்டது.

கல்விக்குப் பின்னர் அவர் நீலகிரியில் ஐரோப்பியர் நடத்திய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். அங்குப் பிரம்மஞான சபையைச் சார்ந்த ஆல்காட் போன்றோரின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டது. தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் அவருடைய உடன்பிறந்தாளின் கணவர் ஆவார். நிலையான வருவாய் தந்த பணியை விடுத்து, 1890ஆம் ஆண்டளவில் சீனிவாசன் சென்னைக்குத் திரும்பினார். ஊர் ஊராகச் சென்று ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்நிலையையும் வரலாற்றையும் அறிந்துகொள்வதில் சில ஆண்டுகளைச் செலவிட்டார்.

மறைத்த பெயரே இதழின் பெயராதல்

மக்களை ஒன்றுதிரட்டப் பறையர் மகாசன சபையை அவர் தோற்றுவித்தார். 1893ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், 'பறையன்' என்னும் பெயரில் நான்கு பக்கங்கள் கொண்ட மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். சில திங்களிலேயே அது வார இதழாக வளர்ந்து, 1900 வரை வெளிவந்தது.

இழிவாகக் கருதப்பட்ட ஒரு பெயரை இதழுக்குச் சூட்டியது ஏன் என்று பலரும் வியந்தனர். தன் பெயரை மறைத்துக்கொள்பவன் தன் உரிமையையும் இழந்துவிடுவான் என்று சீனிவாசன் கருதினார். எந்தப் பெயர் வெளிப்பட்டுவிடும் என்று இளமையில் அஞ்சி ஒதுங்கினாரோ, அந்தப் பெயரையே அச்செழுத்தில் பொறித்துத் தெருவெங்கும் விற்பனைக்கு அனுப்பினார். அச்சம் நீங்கியவரின் முதற்செயல் அது எனலாம்.

நாடாளுமன்றம் சென்ற மனு

1893ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பொதுமக்கள் அவை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. இலண்டனில் மட்டும் நடைபெற்று வந்த இந்தியக் குடிமைப்பணித் தேர்வை இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்பது அத்தீர்மானம். இந்தியத் தேசிய காங்கிரசு நெடுங்காலமாக வலியுறுத்திவந்த கோரிக்கை அது.

சீனிவாசன் அதனை எதிர்த்தார். தேசத்தின் பொதுக்கோரிக்கை ஒன்றை எதிர்ப்பது எளிய செயலன்று. ஆயினும் அவர் கண்முன் நின்ற வினா வேறு. கல்வி ஒருசாராருக்கே உரியதாக இருக்கும் நாட்டில், தேர்வில் வெல்பவரும் அச்சாராராகவே இருப்பர். அவர்களே ஆட்சி அலுவலர்களாகவும் அமர்ந்தால், தெருவில் நடக்கவும் உரிமையற்ற எளியோர் தம் குறையை யாரிடம் முறையிடுவர் என்று அவர் எண்ணினார். தேர்வு எங்கு நடைபெறுகிறது என்பதினும், கல்வி யாருக்குக் கிடைக்கிறது என்பதையே அவர் முதன்மையாகக் கருதினார்.

அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 3412 பேரின் கையொப்பத்துடன் ஒரு மனுவை அவர் உருவாக்கினார். அம்மனு பொதுமக்கள் அவையில் அளிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரும் இல்லாத மக்கள், தாளின் வழியே அதன் வாயிலைத் தட்டிய நிகழ்வு இது. கடல்கடந்த ஓர் அவையின் முடிவு கோழியாளத்துக் குடிசையையும் தொடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவைகளின் வழியாகவே உரிமையைப் பெற வேண்டும் என்னும் உறுதி அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

கடல் கடந்த வாழ்வு

தம் மக்களின் நிலையை நேரில் எடுத்துரைக்க இலண்டன் செல்ல விரும்பி, 1900ஆம் ஆண்டில் அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். ஆனால் பயணம் வேறு திசையில் திரும்பியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சில காலம் தங்கிய பின்னர்த் தென்னாப்பிரிக்காவை அடைந்தார். நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் வழக்குகளும் துயரங்களும் வந்துசேர்ந்த நிலம் அது. அங்கு வழக்குரைஞராக விளங்கிய காந்தியடிகளுடனும் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அயல்நாட்டில் கழிந்தன. தாயகம் திரும்பியபோது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். பலர் ஓய்வை நாடும் அவ்வயதில்தான் அவருடைய சட்டமன்ற வாழ்க்கை தொடங்கியது.

சட்டமன்றத்தில் எழுந்த கோரிக்கை

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டமன்றம் விரிவாக்கப்பட்டது. எனினும் சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்தமையால், ஒடுக்கப்பட்ட மக்கள் தேர்தலின் வழியே அவைக்குள் நுழைவது அரிதாக இருந்தது. அவர்கள் சார்பில் சிலரை அரசே உறுப்பினராக நியமித்தது. அம்முறையில் 1923ஆம் ஆண்டு சீனிவாசன் உறுப்பினரானார். பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா அவருக்கு முன்னரே அவையில் இடம்பெற்றிருந்தார்.

பொதுத்தெருக்கள் அரசின் பணத்தால் அமைக்கப்பட்டவை. பொதுக்கிணறுகளும் குளங்களும் அனைவருக்கும் உரியவை. ஆயினும் வழக்கத்தின் பெயரால் ஒரு பகுதி மக்கள் அவற்றிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். ஊர் அலுவலகத்தினுள் நுழைய முடியாதவர் மனு கொடுப்பது எங்ஙனம்? கிணற்றில் நீர் மொள்ள இயலாதவர் பிறர் ஊற்றும் நீருக்காகக் காத்து நிற்பதன்றி வேறென்ன செய்வர்? சீனிவாசன் இவ்வழக்கத்தையே அவையின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எவரும் நடப்பதற்குத் தடை இருத்தல் கூடாது; பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொதுவிடம் ஆகியவற்றைப் பிறர் பயன்படுத்தும் அளவிலேயே ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பதே அவரது தீர்மானத்தின் சாரம். 1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் அத்தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் 25ஆம் நாள் அதனை ஏற்று அரசாணை வெளியிடப்பட்டது.

தீர்மானம் நிறைவேறிய உடனே தெருக்கள் அனைத்தும் திறந்துவிடவில்லை. ஆணை தாளில் இருந்தது; தடுப்போர் தெருவில் நின்றனர். இக்குறையை நீக்க, தடுப்போர்க்குத் தண்டம் விதிக்கும் சட்டத்திருத்தம் பின்னர் வந்தது. அதற்கு முயன்றவர் மற்றோர் உறுப்பினரான ஆர். வீரையன். ஒருவர் உரிமையை அறிவிக்கச் செய்ய, மற்றொருவர் அதற்குக் காவல் அமைத்தார். எனினும் முன்னர்த் தடுக்கப்பட்டவர் கையில் இப்போது காட்டுவதற்கு ஓர் ஆணை இருந்தது. மரபு என்று கூறப்பட்டது இனிக் குற்றம் எனப்படும் நிலைக்கு அதுவே முதற்படியாயிற்று.

வட்டமேசை மாநாடுகள்

இந்தியாவின் வருங்கால அரசமைப்பை ஆராய, 1930ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர்களாக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டனர். அம்பேத்கருக்கு வயது 39, சீனிவாசனுக்கு 71. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவர் புறப்பட்டுச் சென்றடைய இயலாத நகரத்திற்கு இப்போது மக்கள் பேராளராகச் சென்றார். இருவரும் இணைந்து, குடியுரிமைப் பாதுகாப்பும் சட்டமன்றங்களில் உரிய இடமும் வேண்டி அறிக்கை அளித்தனர். 1931ஆம் ஆண்டு நடைபெற்ற இரண்டாம் மாநாட்டிலும் சீனிவாசன் பங்கேற்றார்.

அப்பயணத்தின்போது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவர் குறிப்பிடுகிறார். தீண்டாமை என்பது யாது என்று மன்னர் வினவினார். தாழ்ந்தவர் எனப்படுவோர் ஒருவர் தெருவில் விழுந்துகிடந்தாலும் உயர்ந்தவர் எனப்படுவோர் தூக்கிவிடமாட்டார் என்று சீனிவாசன் விளக்கியதும் மன்னர் திடுக்கிட்டாராம். நெடிய விளக்கங்களைத் தவிர்த்து, ஒரு தெருவையும் அதில் விழுந்துகிடக்கும் ஒரு மனிதனையும் காட்டியே அக்கொடுமையை அவர் உணர்த்தினார்.

உடன்பாடும் கருத்து வேறுபாடும்

ஒடுக்கப்பட்ட மக்கள் தம் பேராளரைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறை வேண்டும் என்பது அம்பேத்கர், சீனிவாசன் ஆகியோரின் நிலைப்பாடு. எம். சி. ராஜா 1932இல் கூட்டுத்தொகுதி முறையை ஆதரித்தார். நோக்கம் ஒன்றாயினும் வழி பற்றிய கருத்து அவர்களிடையே வேறுபட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பிரித்தானிய அரசு தனித்தொகுதியை அறிவித்தது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20ஆம் நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். நாடே கலங்கியது. செப்டம்பர் 24ஆம் நாள் பூனா உடன்படிக்கை உருவானது. தனித்தொகுதி கைவிடப்பட்டது, மாகாணச் சட்டமன்றங்களில் ஒதுக்கீட்டு இடங்கள் 148ஆக உயர்த்தப்பட்டன. அவற்றுள் சென்னை மாகாணத்திற்குரியவை 30. உடன்படிக்கையில் கையொப்பமிட்டோருள் சீனிவாசனும் ராஜாவும் இருந்தனர். கேட்டது முழுவதும் கிடைக்காத நிலையிலும், கிடைத்ததைக் கொண்டு மேலும் முன்செல்லும் அரசியல் பக்குவத்தை இங்குக் காண்கிறோம்.

நிறைவாழ்வு

அரசு அவருக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் ஆகிய பட்டங்களை வழங்கியது. தமிழறிஞர் திரு.வி.க. 'திராவிடமணி' என்னும் பட்டம் அளித்துப் போற்றினார். 1939ஆம் ஆண்டு தம் வரலாற்றை ஒரு சிறு நூலாக அவர் வெளியிட்டார். பிறருக்கு அஞ்சி வகுப்பிலிருந்து விரைந்தோடிய சிறுவனின் கதையையும் அதில் மறைக்காது எழுதினார். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

நாடு விடுதலை பெறுவதை அவர் காணவில்லை. ஆயினும் 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சாதி முதலியவற்றின் பெயரால் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுவிடம் ஆகியவற்றின் பயன்பாட்டை எவருக்கும் மறுத்தலாகாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1924இல் ஒரு மாகாண அவையில் அவர் கேட்ட உரிமை, நாட்டின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக நிலைபெற்றது.

சட்டம் திறந்த வழியை மனம் அடைத்துவிடுதலும் உண்டு. ஒரு வகுப்பறையில் எந்த மாணவரும் தம் பெயரையோ ஊரையோ மறைக்க வேண்டிய தேவை இல்லாதபோதுதான் அவருடைய தீர்மானம் முழுமையாக நிறைவேறியதாகும். அதனை நிறைவேற்றும் பொறுப்பு இன்று மாணவர்களுக்கும் உரியது.