கொலையுண்டவளுக்காகப் பேசிய இசை

செக் இசைமேதை லேயோஷ் யானாசெக், மொராவியாவில் ஹுக்வால்டி என்னும் சிற்றூரில் 1854-ல் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். 11-வது வயதில் வீட்டைப் பிரிந்து, புர்னோ நகர மடாலயத்தில் பாடகர் குழுச் சிறுவனாகச் சேர்ந்தார். வளர்ந்ததும் அங்கேயே ஆசிரியர் வேலை பார்த்தார். 'யெனூஃபா' என்ற அவரது இசை நாடகம் 1916-ல் பிராக் நகரில் அரங்கேறிய பிறகே பெரும்புகழ் வந்தது. அப்போது அவருக்கு வயது 61!

தெருவில் ஜனங்கள் பேசும் பேச்சின் ஏற்ற இறக்கங்களை இசைக் குறிகளாக எழுதி வைப்பது அவர் வழக்கம். 1903-ல் மகள் ஓல்காவின் மரணப்படுக்கை அருகிலும் அந்தக் கை எழுதிக்கொண்டிருந்தது.

ரஷ்ய இலக்கியத்தில் அவருக்கு அளவற்ற பற்று. டால்ஸ்டாயின் 'கிராய்ட்ஸர் சொனாட்டா' கதை அவர் மனத்தை உலுக்கியது. பீத்தோவனின் அப்பெயருள்ள இசையை, மனைவி ஒரு வயலின் கலைஞனுடன் சேர்ந்து வாசிக்கிறாள். சந்தேகம் கொண்ட கணவன் அவளைக் குத்திக் கொல்கிறான். பின்னர் ரயில் பயணத்தில் அவனே அக்கதையைச் சொல்கிறான். அவள் பக்கம் பேச யாருமில்லை.

யானாசெக் பேசினார். 1923-ல், 69-வது வயதில், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்டு ஒரு மாதத்துக்குள் தம் முதல் நால்வர் இசையை அமைத்தார். அடிபட்டு மாண்ட அந்த அபலையை நினைத்தே எழுதியதாகத் தோழி கமிலாவுக்குக் கடிதத்தில் தெரிவித்தார்.

1924-ல் அது பிராகில் அரங்கேறியது. 1928-ல் அவர் மறைந்தார். கதையில் வாயடைக்கப்பட்டவள், அந்த நான்கு வாத்தியங்களில் இன்றும் பேசுகிறாள்.