கூலிக்காகக் குரல் கொடுத்த சிங்கராயர்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்குத் தனி மறைமாவட்டம் தந்த திருத்தந்தை யாரென அறிவீர்களா? யாழ்ப்பாண மறைமாவட்டத்தினின்று பிரித்து, 1893 ஆகஸ்ட் 25 அன்று அதனை நிறுவியவர் 13ஆம் லியோ. லியோ என்பதைச் சிங்கராயர் எனத் தமிழாக்கி, அப்பெயரைத் தம் பிள்ளைகளுக்கும் சூட்டி மகிழ்ந்தனர் நம் முன்னோர்.

இத்தாலியின் கார்ப்பினேத்தோவில் 1810இல் பிறந்த அவரது இயற்பெயர் வின்சென்சோ ஜோவாக்கினோ பெச்சி. 1843 முதல் 1846 வரை பெல்ஜியத்தில் திருத்தந்தையின் தூதராயிருந்து, ஆலைகள் பெருகிவந்த ஒரு நாட்டை நேரில் கண்டார். பின்னர் பெரூஜியாவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயர் பணி. 1878 பெப்ரவரியில் திருத்தந்தையானபோது வயது அறுபத்தேழு. நெடுநாள் இரார் என்றே பலர் எண்ணினர்.

அவ்வாண்டு டிசம்பரிலேயே சோசலிசத்தைக் கண்டித்துச் சுற்றுமடல் வரைந்தார். கண்டனத்தால் ஏழையின் அடுப்பு எரியுமா? 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எண்பது வயதைக் கடந்திருந்த கர்தினால் மானிங் இரு தரப்பாரிடமும் பேசிச் சமரசம் கண்டார். கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் உழைப்பை அருகிருந்து காணும் நீங்கள் அந்த ஆறு பென்சின் அருமையை உணர்வீர்கள்.

1891 மே 15 அன்று வெளிவந்தது ரேரும் நொவாரும் சுற்றுமடல். தனியுடைமையை ஒழிக்கும் கொள்கையை அதிலும் அவர் மறுத்தார். ஆனால் மறுத்த காரணத்தைக் கவனியுங்கள். தொழிலாளி கூலியில் மிச்சம் பிடித்து ஒரு துண்டுக் காணி வாங்கினால், அக்காணி வேறு வடிவம் கொண்ட அவனது கூலியே. அதனைப் பொதுவாக்கினால் இழப்பவன் அவனே என்றார். முதலாளியையும் அவர் விட்டுவிடவில்லை. வேறு வழியின்றித் தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அவ்விசைவு நீதியாகாது; சிக்கனமாய் வாழும் உழைப்பாளியைத் தாங்கும் அளவேனும் ஊதியம் இருத்தல் வேண்டும். சங்கம் சேர்வது மனிதனின் இயற்கை உரிமை என்றும் எழுதினார். சோசலிசத்தைப் பற்றிய அவரது கருத்து மாறவில்லை. எனினும் அது முளைத்த காயத்தை உற்றுநோக்க அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. முதுமையிலும் அவ்வாறு நோக்கியதே அவரது பெருமை என்பேன்.

நெடுநாள் இரார் எனக் கருதப்பட்டவர் இருபத்தைந்து ஆண்டுகள் திருச்சபையை வழிநடத்தி, 1903 ஜூலை 20 அன்று தொண்ணூற்று மூன்றாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 2025 மே மாதத்தில் தெரிவான திருத்தந்தை, செயற்கை நுண்ணறிவின் காலத்திலும் உழைப்பாளரின் மாண்பு காக்கப்பட வேண்டுமென்பதால், ரேரும் நொவாரும் தந்தவரை நினைந்து 14ஆம் லியோ எனும் பெயரை ஏற்றதாகக் கர்தினால்களிடம் தெரிவித்தார்.