எலிகளுக்கு விருந்து வைத்த டாக்டர்

சூளகிரி வழியாகப் பெங்களூருக்குப் போகிறவர்கள் அங்கே தெருக்கடைகளில் 'ஹாட் டாக்' விற்பதைப் பார்த்திருப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாய்க்கறி அல்ல! நீள பன்னைப் பிளந்து, உப்புப் போட்டு அரைத்த இறைச்சிக் குழலை உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். ஜெர்மானியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன தீனி அது.

வெள்ளை ரொட்டியும் பதனிட்ட இறைச்சியுமே சாப்பாடு என்றால் உடம்பு என்ன ஆகும்? நம் குன்னூரில் ஒரு டாக்டர் அதைச் சோதித்துப் பார்த்தார். அவர்தான் ராபர்ட் மெக்காரிசன்.

அயர்லாந்தில் 1878-ல் பிறந்தவர். 1901-ல் ராணுவ டாக்டராக இந்தியாவுக்கு வந்தார். வடக்கே கில்கிட் மலையில் பலருக்குக் கழுத்தில் கழலை இருந்தது. தண்ணீர்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டார். அந்தத் தண்ணீரின் அழுக்கு வண்டலைத் தாமே குடித்தார்! கூட இருந்த சிலரும் குடித்தார்கள். சிலருக்குக் கழுத்து வீங்கியது. துணிச்சல்காரர்தான்.

பிறகு குன்னூரில் ஒரே ஓர் அறையில் உணவு ஆராய்ச்சி. 1923-ல் செலவு அதிகம் என்று சர்க்கார் அதை மூடிவிட்டது. அவர் விடவில்லை. 1925-ல் மீண்டும் தொடங்கினார்.

இனி எலிகளின் கதை. ஒரு கூட்டத்துக்கு முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைவிட்ட பயறு, பச்சைக் காய்கறி. இன்னொரு கூட்டத்துக்கு வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், டின் இறைச்சி, ஜாம், சர்க்கரை போட்ட தேநீர். முதல் கூட்டம் கொழுகொழுவென்று வளர்ந்தது. இரண்டாவது கூட்டம் இளைத்தது. தீனி வைக்க வந்தவரைக் கடித்தது. 60 நாளில் வலுத்த எலி இளைத்த எலியைக் கொன்று தின்றது!

இறைச்சி மட்டுமே குற்றவாளி அல்ல. சத்துக் குறைவே முக்கியக் காரணம். ஆனாலும் தினமும் 50 கிராம் பதனிட்ட இறைச்சி தின்றால் குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2015-ல் அறிவித்தது. 50 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு ஹாட் டாக்கில் இருக்கும் இறைச்சி.

நாம் சிரிக்கவும் வழியில்லை. இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளையும் அவர் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். பஞ்சாபிச் சாப்பாட்டு எலி 235 கிராம்; கன்னடத்து எலி 185; சென்னை எலி 155. கடைசி இடம் நமக்கு! தீட்டிய அரிசியும் பால் இல்லாத சாப்பாடும் செய்த வேலை. 100 கிராம் வெள்ளை அரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவே. சூளகிரிக் களியின் கேழ்வரகில் சுமார் 340.

மெக்காரிசன் 1935-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து போனார். 1960-ல் தமது 82-வது வயதில் காலமானார். குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் அதற்குள் ஐதராபாத்துக்கு மாறிவிட்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இன்றும் அங்கே நடக்கிறது.