வால்டர் காடன்

மரமறுக்கும் சங்கிலி வாளின் சிறு யந்திரம் தன் உருவுக்கு மிஞ்சிய வலிமை காட்டுவதேன் எனின், அஃது இருவீச்சு யந்திரமாதலின் என்க. நான்குவீச்சு யந்திரம் இருமுறை சுழன்று ஒருமுறை எரியும்; இஃது ஒவ்வொரு சுழற்சியிலும் எரியும். ஆயினும் இதற்கொரு பெருங்குறை உண்டு. புகை செல்லும் வாயில் மூடுமுன்னரே புதிய எரிகலவை உட்புகுவதால், அதில் ஒரு பகுதி வீணே புகையோடு ஓடிவிடும். இக்குறையோடு வாழ்நாளெல்லாம் போராடியவர் காடன்.

இவர் 1919-ஆம் ஆண்டு ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டிற் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் பீனமுண்டேயில் ஆயுத ஆராய்ச்சியில் பணியாற்றினார். போர் ஓய்ந்தபின், குண்டுகளாற் கூரையிழந்த கட்டடங்களுக்கு மரச்சட்டங்கள் செய்தார். 1953-இல் சோப்பாவ் நகரத்தில், பின்னர் எம். இஸட். எனப் பெயர் பூண்ட மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் பந்தயப் பகுதியை ஏற்றார். கிழக்கு ஜெர்மனியில் பணமும் குறைவு, நல்ல உலோகமும் அரிது.

நம் ஆலயத்து ஆர்கனில் குழாயின் நீளமன்றோ சுரத்தை வரையறுக்கிறது? யந்திரத்தின் புகைக்குழாயும் அவ்வாறே. அதனுள் ஒவ்வொரு வெடிப்பும் ஓர் அழுத்த அலையை எழுப்புகிறது. குழாயை விரியச் செய்தால், அலை உறிஞ்சும் அலையாய்த் திரும்பிப் பழம்புகையை இழுக்கும். பின் குறுகச் செய்தால், தள்ளும் அலையாய்த் திரும்பி, தப்பியோடிய கலவையை மீண்டும் உருளைக்குள் திணிக்கும். இத்தகைய குழாயை முன்னரே எரிக் வோல்ஃப் என்பவர் பூட்டியிருந்தார். அதன் அலைகளைக் கருவியால் அளந்து வரம்பு கண்டவர் காடனே. 1961-இல் அவரது 125 கன சென்டிமீட்டர் யந்திரம் 25 குதிரைத்திறன் தந்தது; லிட்டருக்கு 200! காற்றை அமுக்கி ஊட்டும் துணைக்கருவி எதுவுமின்றி இதனை எய்தினார்.

உலக வெற்றி கைக்கெட்டும் அவ்வாண்டிலேயே இடி விழுந்தது. பந்தய வரிசையில் முன்னணியில் நின்ற அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தில் யந்திரம் பழுதுறவே, அங்கிருந்தே மேற்கு நாட்டிற்குத் தப்பினார். அவர் மனைவி மக்களும் ரகசியமாக எல்லை கடத்தப்பட்டனர். யந்திர நுட்பமும் அவரோடு ஜப்பானின் சுசூக்கிக்குச் சென்றது. டெக்னரை யூதாஸ் என ஒரே சொல்லில் ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. ஆகஸ்டில்தான் பெர்லினில் மதில் எழுந்திருந்தது. ஆனால் காடனின் உழைப்போ களவு போனது. 1962-இல் டெக்னர் சுசூக்கியில் ஏறி 50 கன சென்டிமீட்டர்ப் பிரிவில் உலக வீரரானார்.

காடன் சோப்பாவை விட்டு அகலவில்லை. எம். இஸட். உலக வீரர் பட்டம் ஒன்றும் பெறவில்லை. அவர் வகுத்த குழாயோ, இருவீச்சுப் பந்தய வண்டிகள் அனைத்திலும் பூட்டப்பெற்றது. 1996-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் உயிர் நீத்தார்.